கடைத்தெருவில் கைப்பொருள் காப்போம்



சம்பளம் போட்ட பின் வருகின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியான நாள். பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை, பாட்டிக்கு ஒரு சேலை, வீட்டுக்கு மளிகைச் சாமான் என்று பட்டியல் போட்டுக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்படுகிறோம். அன்றைக்கு வீட்டுத்தாயின் கைப்பையைத் திறந்து பார்த்தால் என்னென்ன இருக்கும்? ஒரு மாத உழைப்பின் பணம் இருக்கும். வங்கி அட்டை, அடையாள அட்டை, கைத்தொலைபேசி, வீட்டுச் சாவி ஆகியவை இருக்கும். சில வேளைகளில் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் இருக்கும். ஒரு குடும்பத்தின் பாதி வாழ்க்கை அந்த ஒரு பைக்குள் அடங்கியிருக்கிறது.

அந்தப் பை திருட்டுப் போனால் பணம் மட்டுமா போகிறது? காவல் நிலையத்துக்கு ஒரு நாள், பதிவிலாகாவுக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள் என்று அலைய வேண்டும். நாட்கூலி வாங்குகின்றவருக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் பேர் விழாமல் போவதாகும். திருடன் எடுத்தது 200 வெள்ளியாக இருக்கலாம். குடும்பம் இழப்பதோ அதைவிட அதிகம். ஆகவே, கடைத்தெருவில் திருட்டு எப்படி நடக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை இன்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். செபராங் பிறை, தென்கெடா தோட்டங்களிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகின்றவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கிப் படகேறுவது நெடுநாள் வழக்கம். 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு வண்டியிலேயே கடலைக் கடந்து போகின்றவர்களும் பெருகிவிட்டார்கள். ஜார்ஜ் டவுன் நகருக்குள் கொம்தார் கட்டடத்தின் அருகிலிருந்து மேற்கு நோக்கிச் செல்கின்ற நீண்ட சாலைதான் டத்தோ கிராமாட் சாலை. மலாய் மொழியில் 'கிராமாட்' என்பது அருளாளர்களின் அடக்கத்தலத்தையும் அதன் மகிமையையும் குறிக்கும் சொல். இந்தச் சாலையில் கடை வீடுகள் உண்டு, பேரங்காடி உண்டு, பாடாங் பிரவுன் திடலருகே பெயர்பெற்ற அங்காடிக் கடைகளும் உண்டு. கொம்தாரிலிருந்து மறுபக்கம் திரும்பினால் பினாங்கு ரோடும் சௌராஸ்டா மார்க்கெட்டும் வரும். இன்னும் சிறிது தூரம் போனால் நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா.

பழைய கடை வீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைவழி ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை 'அஞ்சடி' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்பார்கள். வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடப்பதற்காக ஏற்பட்ட வழி அது. ஆனால், பல இடங்களில் கடைச் சாமான்களும் மோட்டார் சைக்கிள்களும் அஞ்சடியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் நடக்கின்றவர் சாலையில் இறங்கி, ஓடுகின்ற வண்டிகளுக்குப் பக்கத்திலேயே நடக்கும்படி ஆகிறது. அஞ்சடிக்குள் நெரிசல், சாலையோரத்தில் மோட்டார் சைக்கிள்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் ஏற்ப இரண்டு வகைத் திருட்டுகள் இருக்கின்றன.

ஒன்று, நெரிசலில் நடப்பது. நமக்குத் தெரியாமலே பணத்தை எடுத்துவிடுவார்கள். இதை ஜேப்படி என்றும் பிக்பாக்கெட் என்றும் சொல்கிறோம். நம் முன்னோர் இப்படிப்பட்டவனை 'முடிச்சவிழ்க்கி' என்று அழைத்தார்கள். மடியிலும் முந்தானையிலும் பணத்தை முடிந்து வைத்த காலத்தில், அந்த முடிச்சை அவிழ்த்தவன் முடிச்சவிழ்க்கி. பை மாறியது, பணம் மாறியது, தொழில் மாறவில்லை!

மற்றொன்று, சாலையோரத்தில் நடப்பது. மோட்டார் சைக்கிளில் இருவர் வருவார்கள். ஒருவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் பையையோ சங்கிலியையோ பறிப்பான். இது வழிப்பறி. முதல் வகையில் பணம் போகும். இரண்டாம் வகையிலோ கீழே விழுந்து கையொடிந்தவர்கள் உண்டு, தலையில் அடிபட்டு உயிரிழந்தவர்களும் உண்டு. எனவே, இரண்டுக்கும் தற்காப்பு முறை ஒன்றேயல்ல. இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும்.

ஜேப்படி எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மகனின் சட்டைப்பையில் ஒரு கைக்குட்டையை வையுங்கள். அவன் தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, ஏதாவது ஒரு கணக்கைக் கேளுங்கள். அவன் விடையைத் தேடும்போது மற்றொரு கையால் கைக்குட்டையை மெல்ல எடுங்கள். பெரும்பாலும் அவனுக்குத் தெரியாது. காரணம் என்ன? உடலில் ஓரிடத்தில் பலமான தொடுதல் இருக்கும்போது, மற்றோரிடத்தில் படுகின்ற மெல்லிய தொடுதலை மனம் கவனிப்பதில்லை. அதோடு, மனம் ஒரு கேள்வியில் ஈடுபட்டிருக்கும்போது கை என்ன செய்கிறது, பை எங்கே இருக்கிறது என்ற நினைவு குறைந்துவிடும்.

ஜேப்படிக்காரனின் வித்தை இவ்வளவுதான். ஒருவன் நம்மீது மோதுவான் அல்லது முன்னால் சட்டென்று நின்று வழியை மறிப்பான். வேறொருவன், "அண்ணே, சட்டையில் ஏதோ கறை பட்டிருக்கிறது" என்பான். சில்லறையைக் கீழே கொட்டிவிட்டு நம்மைக் குனிய வைப்பவனும் உண்டு. நம் கவனம் அந்தப் பக்கம் திரும்பிய சில நொடிகளில் கூட்டாளி வேலையை முடித்துவிடுவான். எடுத்த பொருள் உடனே இன்னொருவன் கைக்கு மாறிவிடும். ஆகையால், முதலில் மோதியவனைப் பிடித்துச் சோதித்தாலும் அவனிடம் ஒன்றும் இருக்காது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில், பிறர் பையிலிருந்து ஒரு ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை மறைவாகத் திருடினாலும் தூக்குத்தண்டனை விதிக்கச் சட்டம் இருந்தது. சர் சாமுவேல் ரோமில்லி என்பவரின் முயற்சியால் 1808ஆம் ஆண்டில்தான் அந்தத் தண்டனை நீக்கப்பட்டது. அந்நாளில் தூக்குத்தண்டனையைப் பொது இடத்தில் நிறைவேற்றுவார்கள். அதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலேயே ஜேப்படி நடந்ததென்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாருடைய கண்களும் தூக்குமேடையை நோக்கி இருந்தன. திருடனுக்கு வேறென்ன வேண்டும்? தூக்குக்கயிற்றின் அடியிலேயே திருட்டு நடந்தது என்றால், சட்டமும் காவலும் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நம் பொருளுக்கு முதற்காவல் நாமே என்பது விளங்குகிறது அல்லவா?

நாள் முழுவதும் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து நடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அப்படி நடக்க யாராலும் முடியாது. நம் கவனம் சிதறுகின்ற நேரங்கள் சிலவே. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும். பேருந்திலும் படகிலும் ஏறி இறங்கும் நேரம் ஒன்று. கடையில் பணம் கொடுத்து மீதி வாங்கும் நேரம் இரண்டு. வளையலோ செருப்போ போட்டுப் பார்க்கும் நேரம் மூன்று. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும் நேரம் நான்கு. கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்க்கும் நேரம் ஐந்து. கைத்தொலைபேசியில் பேசும் நேரம் ஆறு. இந்த ஆறு நேரங்களிலும் கை பையின்மீது இருக்கட்டும். மற்ற நேரங்களில் கடைத்தெருவின் அழகைத் தாராளமாகப் பார்க்கலாம்.

இனி, வீட்டை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். பாதிப் பாதுகாப்பு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

முதலாவதாக, தேவையில்லாத எதையும் பைக்குள் வைக்காதீர்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு ஆகியவற்றுக்குக் கடைத்தெருவில் வேலையில்லை. பள்ளி விவகாரமாக ஏதேனும் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால், அந்த வேலையைக் கடைக்குப் போகும் நாளோடு சேர்க்காமல் வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், பத்திர வேலையை முதலில் முடித்து, அதை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

இரண்டாவதாக, பணத்தைப் பிரியுங்கள். கடைக்குக் கொடுக்க வேண்டிய சில்லறையும் சிறு நோட்டுகளும் ஒரு சிறு பர்ஸில் இருக்கட்டும். பெரிய நோட்டுகள் உள்பையில் இருக்கட்டும். திரும்பி வருவதற்கான வண்டிச் செலவைத் தனியாக மடித்து வேறோரிடத்தில் வையுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கூடையில் எல்லா முட்டைகளையும் வைத்தால் கூடை விழும்போது எல்லாம் உடையும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சில்லறைப் பர்ஸ் தனியாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐந்து வெள்ளிக்குக் கீரை வாங்கும்போது, பை நிறைய இருக்கும் பணத்தைக் கடைத்தெரு முழுவதற்கும் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வங்கி அட்டையின் இரகசிய எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது சம்பளம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் சேர்கிறது. அட்டையின் இரகசிய எண் ஆறு இலக்கங்கள் கொண்டது. மறந்துவிடும் என்று பயந்து சிலர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அட்டையோடு வைக்கிறார்கள். பூட்டையும் சாவியையும் ஒன்றாகக் கட்டித் திருடனிடம் கொடுப்பது போன்றது இது. வேறு சிலர் பிறந்த தேதியை எண்ணாக வைக்கிறார்கள். நம் அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவையே. அடையாள அட்டையும் வங்கி அட்டையும் ஒரே பர்ஸில் இருந்தால், எண்ணைக் கண்டுபிடிக்கத் திருடன் பெரிய கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. பிறந்த தேதியும் வேண்டாம், வண்டி எண்ணும் வேண்டாம். குடும்பத்துக்கு மட்டுமே பொருள் தெரிந்த வேறோர் எண்ணை வையுங்கள்.

இன்னொரு செய்தி. கருவியின்மேல் அட்டையைத் தொட்டுக் காட்டியே பணம் செலுத்தும் வசதி இப்போது இருக்கிறது. ஒரு தடவைக்கு 250 வெள்ளி வரை இரகசிய எண் கேட்காமலே பணம் போகும். வேலையை எளிதாக்கும் வசதிதான். ஆனால் அட்டை பிறர் கையில் சிக்கினால் அவருக்கும் எளிது. வங்கியில் சொல்லி இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம்; வேண்டாமென்றால் இந்த வசதியை நிறுத்தியும் விடலாம்.

நான்காவதாக, நகை. தாலிக்கொடி நமக்கு நகை மட்டுமன்று, மங்கலப் பொருள். அதைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. சேலைக்குள்ளோ ரவிக்கைக்குள்ளோ மறைந்திருக்கட்டும். ஆனால், மேலே போடுகின்ற சங்கிலி, பதக்கம், நான்கைந்து வளையல் ஆகியவை காய்கறி வாங்கப் போகும்போது எதற்கு? திருமணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் இருக்கட்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் கூடும் கூட்டத்தைப் போன்ற பெருங்கூட்டத்தில் அங்கேயும் குறைத்துக்கொள்வதே நல்லது. சிறு பிள்ளைகளுக்கு நகை போட்டு அனுப்பவே கூடாது. அரைப்பவுன் சங்கிலிக்காகப் பிள்ளையின் கழுத்தில் ஒருவன் கை வைக்க நாம் இடம் கொடுக்கலாமா?

இப்போது கடைத்தெருவுக்கு வந்துவிட்டோம். பையை எப்படிப் பிடிப்பது?

நெரிசலான இடத்தில், அதாவது அஞ்சடி, மார்க்கெட், படகுத்துறை, பேருந்து ஆகிய இடங்களில், பை வயிற்றின் முன்னால் இருக்க வேண்டும். ஜிப் மூடியிருக்க வேண்டும். ஒரு கை அதன்மேல் இருக்க வேண்டும். நீண்ட வாருள்ள பையைக் குறுக்காக மாட்டி முன்பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ஆண்கள் பணத்தைப் பின்பாக்கெட்டில் வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். முதுகில் மாட்டும் பை பள்ளிக்கூடத்துக்கு ஏற்றது. நெரிசலில் அதை முன்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாலையோரத்தில் முறை வேறு. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்ற மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் ஏறக்குறைய 11 மீட்டர் கடக்கும். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று நான்கு வீட்டுத் தூரம் போய்விடும். அந்த வேகத்தில் பையின் வார் கழுத்திலோ கையிலோ சிக்கியிருந்தால், பையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சாலையோரத்தில் வாரைக் கையில் சுற்றிக் கட்டுவதும் கழுத்தில் மாட்டுவதும் ஆபத்து என்கிறோம். பை சுவர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும், அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். யாராவது பலமாக இழுத்தால் விட்டுவிடுங்கள். பணத்தைப் பிரித்து வைக்கச் சொன்னதன் பயன் அப்போது தெரியும். பை போனாலும் பாதிப் பணம் மடியில் இருக்கும். பொருள் போனால் சம்பாதிக்கலாம். வீட்டுக்கு அம்மா திரும்பி வர வேண்டும்.

நடக்கின்ற திசையும் முக்கியம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாக ஓடுகின்றன. நாம் சாலையின் வலப்புறமாக நடந்தால், நமக்குப் பக்கத்தில் வரும் வண்டி எதிரே வரும். வருவது யார் என்பது கண்ணுக்குத் தெரியும். அப்போது சாலை நம் இடக்கைப் பக்கமும் கடைச்சுவர் வலக்கைப் பக்கமும் இருக்கும். ஆகவே பையை வலத் தோளில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி நடப்பவரைத்தான் வழிப்பறிக்காரன் விரும்புகிறான். அவர்களைப் பின்னாலிருந்து நெருங்குவது அவனுக்கு எளிது.

இந்த ஆபத்தை அரசாங்கமும் கவனித்திருக்கிறது. 2004ஆம் ஆண்டில் 'பாதுகாப்பான நகர்' என்னும் திட்டம் நாட்டில் தொடங்கப்பட்டது. நடைபாதைக்கும் வண்டிப் பாதைக்கும் நடுவில் தடுப்பு வைப்பது, இருண்ட இடங்களில் விளக்குப் போடுவது, கண்காணிப்புக் கேமரா பொருத்துவது ஆகியவை அதன் பகுதிகள். சாலையோரத்தில் இரும்புத் தடுப்பைக் கண்டால், அதைத் தாண்டிக் குறுக்கே போக வழி தேடாதீர்கள். அது நம் வழியை மறிக்க வைத்ததன்று. வழிப்பறிக்காரனின் கை நம்மை எட்டாதிருக்க வைத்தது.

மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போகும் பெண்கள் பையை முன்கூடையில் வைக்கக் கூடாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு போவது மிக எளிது. இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். காரில் போகின்றவர்கள் பக்கத்து இருக்கையில் பையை வைக்காமல் காலடியில் வையுங்கள், கதவுகளைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் கைத்தொலைபேசியை மேசைமேல் வைப்பதும் பையை நாற்காலி முதுகில் மாட்டுவதும் பலருக்குப் பழக்கம். பாடாங் பிரவுன் போன்ற அங்காடிக் கடைகளில் நாம் எழுந்து போய் உணவு சொல்லிவிட்டு வருகிறோம். அதனால், இடம் பிடிப்பதற்காகப் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் எப்போதும் மேசையில் இருக்க வேண்டும். பை மடியில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம், "அம்மா பணம் கொடுக்கும்போது நீ பையைப் பார்த்துக்கொள்" என்று சொன்னால் பெருமையோடு செய்யும். இந்த வேலையில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் கண் கூர்மையானது. ஆனால், பணப்பையைத் தூக்கிக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தக் கடை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பதை முன்பே சொல்லி வையுங்கள். பிள்ளையைத் தேடி அலறும் தாயின் பையை யார் காப்பது?

அடையாள அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதானவர்கள் எல்லாரும் அதை எடுக்க வேண்டும். வெளியே போகும்போது கையில் வைத்திருக்கவும் வேண்டும். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்கில்லை. இந்நாட்டில் அடையாள அட்டை 1948ஆம் ஆண்டில், அவசரகாலத்தின்போது வந்தது. அதற்குப் பின் குடியுரிமைக்காகச் சிவப்பு அட்டையோடு பல ஆண்டுகள் காத்திருந்த பெரியவர்கள் தோட்டம் தோட்டமாக இருந்தார்கள். ஓர் அட்டையின் அருமை அவர்களுக்குத் தெரியும். நாமும் அதைப் பணப்பர்ஸில் சொருகாமல், தனியாக உள்பையில் வைப்போம். திருடன் தேடுவது பணத்தை. அட்டையை அவன் சாக்கடையில் வீசிவிட்டுப் போகலாம்.

கவனக்குறைவால் அட்டையைத் தொலைத்தால் முதல் முறை 100 வெள்ளி, இரண்டாம் முறை 300 வெள்ளி, அதற்கு மேல் 1,000 வெள்ளி அபராதம். திருட்டிலோ வழிப்பறியிலோ பறிபோனது என்றால், காவல் நிலையத்தில் புகார் செய்து அந்தப் புகார் நகலோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் அந்த அபராதம் இல்லை. "போனது போகட்டும், போலீசுக்கு ஏன் போவது" என்று இருந்துவிடுகின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகார் செய்வதற்குக் கட்டணம் கிடையாது.

இவ்வளவு கவனமாக இருந்தும் திருட்டு நடந்துவிட்டால் என்ன செய்வது? முதலில், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். துரத்திக்கொண்டு ஓடாதீர்கள், அவனிடம் கத்தி இருக்கலாம். வண்டியின் எண், நிறம், போன திசை ஆகியவற்றை நினைவில் வையுங்கள். அவசர உதவிக்கு 999 எண்ணை அழையுங்கள். அடுத்து, தாமதமின்றி வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். திருட்டுப் போன கைத்தொலைபேசியில் வங்கிச் செயலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கணக்கிலிருந்து இணைய வழியாக யாரோ பணத்தை மாற்றிவிட்டதாகத் தெரிந்தால், 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழைக்கலாம். அதன்பின் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

இந்த எண்களெல்லாம் கைத்தொலைபேசியில்தான் இருக்கின்றன என்றால், கைத்தொலைபேசியே போன பிறகு என்ன செய்வீர்கள்? வங்கியின் எண், கணவர் எண், வீட்டு எண் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, பர்ஸில் வைக்காமல் வேறோரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசிக்கு உரிய பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள். நட்சத்திரக்குறி, ஹேஷ், சுழியம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். புகாரில் அந்த எண்ணைக் கொடுத்தால், பொருள் கிடைக்கும்போது அது உங்களுடையது என்று காட்டச் சான்றாகும்.

திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் கூட்டம் கூடி அடிப்பதைச் சில இடங்களில் காண்கிறோம். அது தவறு. குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது; தாமதமின்றி அவனைக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்படி திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். காயப்படுத்திப் பறித்தால் அது கொள்ளையாகிறது. 392ஆம் பிரிவின்படி பதினான்கு ஆண்டு வரை சிறை உண்டு. அதேபோல, ஒருவருடைய தோல் நிறத்தையோ உடையையோ பேச்சையோ பார்த்துத் திருடன் என்று முடிவு செய்யக் கூடாது. நல்ல சட்டை போட்டு, மரியாதையாகப் பேசுகின்ற ஜேப்படிக்காரனும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது ஆளின் தோற்றத்தை அன்று, நம் பையை.

கடைசியாக ஒன்று. திருட்டுப் பொருளை வாங்க ஆள் இல்லாவிட்டால் திருடுவதில் பயன் என்ன? எண்ணூறு வெள்ளிக் கைத்தொலைபேசியை நூறு வெள்ளிக்குத் தருகிறேன் என்று ஒருவர் காதோடு காதாகச் சொன்னால், அது எங்கோ ஒரு தாயின் பையிலிருந்து வந்ததாக இருக்கலாம். பழைய பொருள் வாங்குவதில் தவறில்லை. நேர்மையாக அந்த வியாபாரம் செய்கின்றவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால், இரசீதைக் கேளுங்கள், பெட்டியைக் கேளுங்கள், பெட்டியிலுள்ள எண்ணும் கருவியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 411ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் பொருளைப் பிறர் எடுக்கக் கூடாது என்று நினைக்கும் நாம், பிறர் இழந்த பொருளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கலாமா?

நேயர்களே, இன்று கண்டவற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். தேவையில்லாததை வீட்டில் வையுங்கள். பணத்தைப் பிரித்து வையுங்கள். இரகசிய எண்ணை மனத்தில் வையுங்கள். நெரிசலில் பையை முன்னால் வையுங்கள். சாலையோரத்தில் சுவர்ப்பக்கம் வையுங்கள். இழுத்தால் விட்டுவிட்டு உயிரைக் காத்துக்கொள்ளுங்கள். போனால் உடனே புகார் செய்யுங்கள்.

அடுத்த முறை பட்டணம் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தார் எல்லாரும் உட்கார்ந்து பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். யார் எதை எடுத்துவருவது, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரட்டுக்களத்தில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் பேர் போட்டுச் சேர்த்த பணம் அது. உரியவர் கையிலேயே அது செலவாகட்டும்.